பிரதி ஒன்று பத்து ரூபா

பரமேஸ்வராச் சந்தியில் இருந்து நாலாவது கடை என்னுடையது.
அடுத்த தாள் வந்து விழுவதற்குள்
முதல் தாளில் அரைப் பந்தி வாசித்துவிடுவேன்.
கணிதம் வந்தால் ஏலாது. பொருளியல் வாசிக்கலாம்.
ஆரோ ஒரு சேரின் சரிந்த கையெழுத்து,
கேள்வி என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

கேள்வி என்றால் கேட்பது இல்லையாம்.
ஆசையும் இருந்து கையில் காசும் இருந்தால்தான் கேள்வியாம்.
பஸ் வரும்வரை கண்ணாடிக்கு வெளியே நின்று
அந்தக் கல்குலேற்றர் என்ன விலை என்று
மூன்று கிழமையாய்க் கேட்கிறது ஒரு பெட்டை.
நோட்ஸின்படி அவள் இன்னும் கேட்கவில்லை.

அருமை என்றால் போதாமை என்று போட்டிருந்தது.
மை மங்கலோ என்று திரும்ப ஒருக்கால் அடித்துப் பார்த்தேன்.
அதே எழுத்துத்தான்.
நல்ல மீன்குழம்பை அருமை என்கிறோம்.
டோகாவில் இருக்கிற தம்பி
அருமையாய்த்தான் போன் எடுப்பான்.
இரண்டும் ஒரே சொல் என்று
இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு மெசின் சொல்லித்தருகிறது.

முருங்கை காய்த்துக் கொட்டுகிற மாதம்
தவமலர் அக்கா வேலிக்கு மேலால் ஒரு கட்டு நீட்டுவா.
முதல்நாள் கறி. அடுத்தநாள் பால்கறி.
மூன்றாம்நாள் கட்டை அப்படியே
அடுத்த வேலிக்கு மேலால் நீட்டினேன்.
அது நாலு வளவு சுற்றி
தவமலர் அக்காவின் ஆட்டிடமே திரும்பி வந்ததாம்.
ஆடும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியதாம்.
எல்லைப் பயன்பாடு, பக்கம் பதினொன்று.

றோட்டுக்கு அந்தப் பக்கம்
கஜவதனன் புதுமெசின் போட்டு ஒன்பது ரூபா என்று எழுதினான்.
நான் எட்டு.
அவன் ஏழு.
ஆறு என்று எழுத மாக்கரைத் திறந்து
பேப்பர்க் கட்டின் பில்லைப் பார்த்து மூடினேன்.
அன்று பின்னேரம் மை முடிந்து கடன் கேட்டு வந்தான்.
இரண்டு பேரும் பிளேன்ரீ குடித்தோம்,
விலையைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.
மறுநாள் இரண்டு கடையிலும் பத்து ரூபா.
அதுக்கும் நோட்ஸில் ஒரு பெயர் இருக்கிறது.
அந்தப் பக்கத்தை அடிக்கும்போது மட்டும்
மூடியைக் கொஞ்சம் இறுக்கி அமத்துவேன்.

பெற்றோல் வரிசைக் காலம்.
இரண்டு பகல், ஒரு இரவு.
டோக்கன் நூற்றிநாற்பத்தாறு.
மூன்று லீற்றர் கிடைத்தது, விலை பில்லில் இருந்தது.
வீட்டுக்கு வந்தால் மகளின் சிரிப்பில் ஒரு ஓட்டை.
முதல் பல்.
வைத்திருக்கச் சொல்ல நான் இருக்கவில்லை.
தன் பல்லை அணிலுக்குக் கொடுத்து
அணிலின் பல்லைக் கேட்டு
கூரைக்கு எறிந்துவிட்டாளாம், தவமலர் அக்காதான் தூக்கிப் பிடித்தாவாம்.
அமையச் செலவு என்ற தலைப்பில்
நெல்லும் துணியும் வைத்து ஒரு வளைகோடு கீறியிருக்கிறார் சேர்.
வடிவான வளைகோடு.
நான் ஏணி வைத்து ஓட்டுக்கு மேல் தேடினேன்.
அணில் தன் பங்குக்கு எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அது நோட்ஸில் இல்லை.
வருகிறவர்கள் பிரதியை எண்ணி எடுப்பார்கள்,
மிச்சக் காசையும் எண்ணி எடுப்பார்கள்,
மூலத்தை மூடிக்குக் கீழே விட்டுவிட்டுப் போவார்கள்.
என் லாச்சி நிறைய மூலங்கள்.
ஒரு உறுதியின் இரண்டாம் தாள்,
வரணியில் பிறந்த ஒருத்தரின் பிறப்புப் பத்திரம்,
கிளிநொச்சியில் இறந்த ஒருத்தரின் மற்றது,
பொருளியல் பக்கம் மூன்று.

நிரம்பல் உண்டு, கேள்வி இல்லை.
ஆனால் ஒருநாள் மழைக்குள் ஓடிவருவார் ஒருத்தர்,
ஒவ்வொரு கடையாய்க் கேட்டு, மூச்சு வாங்க.
அந்த நேரம் நான் எந்த விலையும் சொல்லலாம்.

போனமாதம் ஒருத்தர் அப்படித்தான் வந்தார்.
லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.
ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார்,
எவ்வளவு பிள்ளை என்றார்.
எனக்கு உடனே கணக்கு வரவில்லை.
இன்னொரு கொப்பி அடித்து வையுங்கோ என்றேன்,
பத்து ரூபா.